எழுதாமல் விட்ட வரி

நாற்பத்தோராவது சீட்டு வரை அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை.

ஆஸ்பத்திரியில், ஸ்கேன் எடுக்கச் சொல்லி டாக்டர்கள் எழுதித் தந்த சென்ற வருடத்துச் சீட்டுகளைப் புதிய மென்பொருளுக்குக் கொடுத்துச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். சீட்டை அது படிக்கும். நோயாளியின் பழைய கோப்பையும் படிக்கும். எழுதாமல் விட்டதைக் கண்டுபிடித்து, எந்த இடத்தை எப்படி எடுத்திருக்க வேண்டும் என்று சொல்லும். கம்பெனியிலிருந்து வந்த நிவேதன் மவுஸைப் பிடித்திருந்தான். பதினெட்டு வருட ஸ்கேன் டெக்னீஷியன் என்று அவளைப் பக்கத்தில் உட்காரவைத்திருந்தார்கள்.

டாக்டர்கள் சீட்டு எழுதும் லட்சணம் ஊரறிந்தது. தலைவலி என்பார்கள், அதோடு சரி.

அடுத்த சீட்டு வந்தது.

எட்வின் தாசையா. வயது ஐம்பத்தொன்று. இடுப்புவலி.

அவள் கணவன்.

எழுத்தும் அவளுடையதுதான். ஊழியர் வீட்டு ஆள் என்றால் சீட்டை ஊழியரே எழுதிக்கொள்வது அங்கே வழக்கம். டாக்டர் மறுபேச்சில்லாமல் கையெழுத்துப் போட்டுத் தருவார். சலுகையாம்.

மென்பொருளுக்கு இரண்டு நொடிகூட ஆகவில்லை.

'ஆறு ஆண்டுகளுக்கு முன் சிறுநீரகப் புற்றுநோய் அறுவை சிகிச்சை. சீட்டில் குறிப்பிடப்படவில்லை. இடுப்பு மட்டும் போதாது. முதுகெலும்பு முழுவதையும் எடுக்க வேண்டும்.'

அன்று இடுப்பை மட்டும்தான் எடுத்தாள். சுத்தமாக இருந்தது. சந்தோஷத்தில் இரண்டு பேரும் ஹோட்டலுக்குப் போய் புரோட்டா சாப்பிட்டார்கள். ஐந்து மாதம் கழித்து, அவர் கால் மரத்துப்போன பிறகு, அதே முதுகில் ஒரு சாண் மேலே அது பரவியிருந்தது தெரிந்தது.

போன வாரம்தான் கல்லறைத் திருநாளுக்கு அவர் கல்லறையில் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வந்தாள்.

அழுகை வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. ஏ.சி.யின் குளிர் மட்டும் உறைத்தது.

வீட்டில் அந்த நோயின் பெயரை யாரும் சொல்வதில்லை. 'அந்த ஆபரேஷன்' என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள். சீட்டில் எழுதவும் அவளுக்குக் கை வரவில்லை.

விடுபட்டதற்குக் காரணம் கேட்டது திரை. நிவேதன் வழக்கம்போல 'தெரியவில்லை' என்ற கட்டத்தை அழுத்தப் போனான்.

"தெரிஞ்சேதான் எழுதல," என்றாள்.

அவன் பட்டியலின் அடிவரை தேடினான். தெரியவில்லை. நேரமில்லை. மறதி. அப்படியொரு கட்டம் இல்லை. புதிதாக ஒன்று சேர்த்துவிடலாம் என்று உற்சாகமாகச் சொன்னான். அதற்கு என்ன பெயர் போடலாம் என்று கேட்டு, கீபோர்டை அவள் பக்கம் நகர்த்தினான்.