கருத்தம்மா போடாத கையெழுத்து

"எல்லா ஊட்டுலயும் கையெழுத்து வாங்கியாச்சுங்க. அந்தக் கருத்தம்மா மட்டும் போட மாட்டேங்குது" என்றார் மகுடேஸ்வரன், குடியிருப்போர் சங்கச் செயலாளர்.

தலைவர் தீனதயாளனுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

மெயின் லைன் முழுக்கக் கரண்ட் ரயில் ஓடுகிறது. சரக்கு இறக்கும் குட்ஷெட்டுக்குள் வரும் கிளைப் பாதையில் மட்டும் இன்னும் டீசல் இன்ஜின். அது உறுமிக்கொண்டு நிற்கிற நேரமெல்லாம் தெருவே புகை. அவருடைய நிட்டிங் கம்பெனியில் வெள்ளைத் துணிமேல் கரி படிகிறது. 'உங்கள் சரக்கு எந்த வண்டியில் வருகிறது, எவ்வளவு புகை விடுகிறது' என்று துணி வாங்கும் வெளிநாட்டு பையர்கள்கூடக் கேட்க ஆரம்பித்துவிட்டார்கள்.

அதனால்தான் அந்தப் பாதையிலும் கரண்ட் கம்பி இழுக்கச் சொல்லி இந்த மனு. நாளைக்கு ரயில்வே அதிகாரி வருகிறார். பாதையோரத்தில் ஒரு வீடு முரண்டு பிடித்தாலும் காரியம் தள்ளிப்போகும்.

"அதோட புருசன் குட்ஷெட்டுல லோடுமேனுங்க. இன்ஜின்ல டீசல் எடுத்து விக்கறான்னு பேச்சு. கரண்ட் வந்தா அந்தப் பொழப்புப் போயிருமில்லீங்க?"

"அப்படியா சங்கதி? வாங்க, நானே கேக்கறேன்."

கருத்தம்மா விருதுநகர்ப் பக்கத்துக்காரி. பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. தண்டவாளத்தை ஒட்டிய முதல் வீடு.

"ஏம்மா, இந்தப் புகை உங்களுக்கு மட்டும் இனிக்குதுங்களா?"

"இல்லய்யா. சின்னவளுக்கு இருமல் நிக்கவே மாட்டேங்குது. கரண்ட் ரயில்தான் நல்லது."

"அப்புறம் கையெழுத்துப் போட என்ன கஷ்டம்?"

"நடைமேம்பாலம் ஒண்ணு கட்டிட்டு அப்புறம் கரண்ட் கம்பி இழுங்கன்னு எழுதுங்க. இப்பவே போடுறேன்."

"பாலம் கேட்டா அஞ்சு வருசம் இழுத்தடிப்பாங்க. எதுக்கு இப்பப் பாலம்?"

"கண்ணு சரியாத் தெரியாத ஒருத்தவுக தினமும் காலையில தண்டவாளத்தைத் தாண்டி முருகன் கோயிலுக்குப் போறாக. டீசல் வண்டின்னா தூரத்துல வர்றப்பவே சத்தத்துல தரை அதிரும். அதைக் கேட்டு நின்னுக்கிருவாக. கரண்ட் இன்ஜின் பூனை மாதிரில்ல வருது? நான் இருக்கிற நாள்ல கையைப் பிடிச்சுத் தாண்ட வச்சிருவேன். ஷிப்டு மாறிட்டா யாரு இருக்கா?"

மகுடேஸ்வரன் சிரித்தார். "டீசலை உட மனசில்லாம கதை சொல்லுதுங்க."

கருத்தம்மாவின் முகம் சுண்டிப்போயிற்று.

"கதையோ நிஜமோ இருக்கட்டும்" என்று தீனதயாளன் குரலை உயர்த்தினார். "ஒருத்தருக்காகத் தெருவே புகையைக் குடிக்கணுமா? கண்ணு தெரியாதவங்களத் தனியாத் தண்டவாளம் தாண்ட உட்டுட்டு, அவங்க ஊட்டுல இருக்கறவங்க என்னதான் பண்றாங்க? அவங்கெல்லாம் மனுசங்களா?"

"வீட்டுக்குத் தெரியாதுய்யா. மகனுக்கு ஏற்கெனவே ஆயிரம் வேலை, சொல்லிராதன்னு என்கிட்டச் சத்தியம் வாங்கிட்டாக."

"பெத்தவங்களுக்குக் கண்ணு மங்குனது தெரியாம ஒரு மகனா? அந்த ஆளு யாருன்னு சொல்லுங்க. நேராப் போயி நாலு வார்த்தை கேக்கறேன்."

அவள் மகுடேஸ்வரன் நீட்டிய பேனாவை வாங்காமலே தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள்:

"எங்கயும் போக வேணாம்யா. அவுக உங்க அம்மாதான்."