சத்தத்துக்கு மன்னிக்கவும்

வீட்டுப் பத்திரங்களை யாரும் அழிக்க முடியாதபடி காக்கும் பிளாக்செயின் மென்பொருள் அது. சம்பளம் வாங்காமல் அதற்கு உழைப்பவர்களில் சிவகாசி ஓவியாவும் ஒருத்தி. அன்று, முகம் பார்த்திராத வெளிநாட்டுத் தோழர் தராஸுடன் லேப்டாப்பில் பேசியபடி கடைசிச் சோதனையில் இருந்தாள்.

'டமார்!' என்றது ஒரு சத்தம்.

"சாரி தராஸ், இது பட்டாசு ஊர். வெடித்துப் பார்ப்பார்கள்" என்றாள் ஆங்கிலத்தில்.

"பரவாயில்லை, தொடருவோம்" என்றது நிதானமான குரல்.

மறுபடியும் வெடித்தது. கூச்சத்துடன் மைக்கை அணைத்துவிட்டுக் கணவனிடம் திரும்பினாள்.

"ஏங்க, உங்க பட்டாசுக் கம்பெனியில வெடிக்கிறதைச் செத்த நிறுத்தச் சொல்லக் கூடாதா? மானம் போகுது."

செல்வக்குமார் விழித்தான். "இன்னைக்கு ஞாயித்துக்கிழமை. எல்லாக் கம்பெனியும் லீவு. சத்தம் உன் லேப்டாப்புல இருந்துல்ல வருது!"

ஓவியா அவசரமாக மைக்கைப் போட்டாள்.

"தராஸ், நீங்கள் எங்கே இருக்கிறீர்கள்?"

"வீட்டுக்கு அடியில், பதுங்கு அறையில். மேலே குண்டு விழுகிறது. சொன்னால் பதறி வேலையை நிறுத்திவிடுவீர்கள் என்றுதான் சொல்லவில்லை. பேட்டரி தீர்வதற்குள் முடித்துவிடலாமா?"

அவள் விரல்கள் விசைப்பலகைக்குப் போயின.

செல்வக்குமார் ஓசைப்படாமல் எழுந்து, அந்தக் குரல் தெளிவாகக் கேட்கட்டும் என்று மின்விசிறியை நிறுத்தினான்.