இடது பக்கம் மட்டும்

“இடது பக்கம் மட்டும்தான் தேஞ்சிருக்கணும் மாஸ்டர். வலது பக்கம் கையே வைக்கக் கூடாது.”

வந்தவர் இப்படிச் சொன்னதுமே பெயின்டருக்கு ஏதோ நெருடியது. சுவரில் சாய்த்து வைத்திருந்த சைக்கிள் அடர்பச்சையில் பளபளவென்று இருந்தது. ஆளுக்கு அளவெடுத்துச் செய்த பிரேம். புது வண்டிக்கு வயதாக்கிக் கொடுப்பதில் பெயின்டர் கைதேர்ந்தவர்தான். உப்புத்தாளால் தேய்த்து, வினிகர் தெளித்துத் துருப்பிடிக்க வைத்து, மேலே மங்கலாக வார்னிஷ் ஓட்டினால் நேற்றுப் பிறந்த வண்டி தாத்தா காலத்து வண்டியாகிவிடும்.

ஆனால் ஆசைக்குப் பழசாக்குகிறவர்கள் பார்க்க அழகாக இருந்தால் போதும் என்பார்கள். இவரோ இடம் சுட்டிச் சொன்னார். பின்சக்கரத்தைத் தாங்கும் இடது கம்பியில் குதிகால் உரசிய தேய்மானம் வேண்டுமாம். மேல்குழாயின் அடியில் கயிறு அறுத்த இரண்டு கோடு, முன் ஃபோர்க்கில் பாறையில் சிராய்த்த ஒரு வடு.

எதற்கு என்று கேட்டார் பெயின்டர். ஞாயிற்றுக்கிழமை சைக்கிள் சங்கத்தில் பேசப்போவதாக வந்தவர் சொன்னார். பாலைவனத்தைக் கடந்து கடல்வரை தனியாக ஓட்டிப் போனது பற்றிப் பேச்சு.

“இந்த வண்டியிலயா?”

“இதே வண்டியிலதான்.”

“அப்போ தேய்மானமெல்லாம் எங்க சார் போச்சு?”

வந்தவர் பெடலைச் சுற்றிவிட்டு, அது சுற்றுவதையே பார்த்துக்கொண்டிருந்தார். பெயின்ட் அடித்தது யார் என்று கேட்டதற்கு, “அந்தப் பேச்சு வேணாமே மாஸ்டர்” என்று சொல்லிவிட்டு, ஒரு காலைச் சாய்த்துச் சாய்த்து நடந்து போனார்.

“இந்தக் காலை வெச்சுக்கிட்டு பாலைவனமாம்” என்றார் பெயின்டர் மனைவியிடம். “முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கப் பார்க்கிறார். அதுக்கு நான் கரண்டி பிடிக்கணுமாம்.”

அவர் பயந்ததற்குக் காரணம் இருந்தது. போன வருடம் அவர் பழசாக்கிக் கொடுத்த வண்டியை எவனோ பரம்பரைச் சொத்து என்று விற்றுவிட, போலீஸ் வந்து நின்றது இவர் வாசலில்தான். இன்னொரு தடவை அப்படி ஆனால் கடையை இழுத்து மூட வேண்டியதுதான்.

மனைவிக்கு இதெல்லாம் அதிகப்படியாகத் தெரிந்தது. அவர் கேட்பது இரண்டு கோடுதானே, கோடி ரூபாயா என்றாள். பெயின்டர் விடவில்லை. வந்தவருக்கு அன்று மாலையே போன் போட்டு, மறந்துவிட்டதுபோல, குதிகால் உரசல் வலது கம்பியில்தானே என்று கேட்டுப் பார்த்தார். இடதுதான், தன்னுடைய இடது பாதம் பிறவியிலேயே கொஞ்சம் திரும்பியிருக்கும் என்று பளிச்சென்று பதில் வந்தது.

“பார்த்தியா, எப்படி மனப்பாடம் பண்ணி வெச்சிருக்கார்னு.”

தடுமாறினாலும் பொய், தடுமாறாவிட்டாலும் பொய் என்றால் அந்த மனிதர் என்னதான் செய்வார் என்று மனைவி கேட்டாள். பெயின்டர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. சங்கத்துச் செயலாளரின் நம்பரைத் தேடி எடுத்தார். ஆதாரம் இல்லாமல் பேசினால் எடுபடாது. புது பிரேமாக இருந்தால் பெயின்டுக்கு அடியில் கீறலே படாத இரும்பு இருக்கும். அதைப் படம் எடுத்து அனுப்பினால் ஆளைக் கையும் களவுமாகப் பிடித்துவிடலாம்.

காலையில் உப்புத்தாளை நனைத்து, முதலில் இடது கம்பியைத் தேய்த்தார். பச்சை போயிற்று. அதன் கீழிருந்த பிரைமரும் போயிற்று. அடுத்து இரும்பு மின்ன வேண்டிய இடத்தில் சாம்பல் நிறத்தில் பட்டி தெரிந்தது.

பெயின்டர் கை நின்றது. அடியில் பள்ளம் இருந்தால்தானே பட்டி வைத்து நிரப்புவார்கள். மெதுவாகச் சுரண்டிப் பார்த்தார். குதிகால் அகலத்துக்கு இரும்பே மழுங்கிக் குழிந்திருந்தது. அவசரமாக முன் ஃபோர்க்கைத் தேய்த்தார். அங்கேயும் பட்டி, அதற்குக் கீழே நீளமாக ஒரு வடு. மேல்குழாயின் அடியில் இரண்டு கோடுகள். வலது கம்பியைத் தேய்த்தபோது மட்டும் வெறும் இரும்புதான் வந்தது.

அவருக்கு வெட்கமாகப் போயிற்று. ஒரு நல்ல மனிதரைத் திருடனைப்போலப் பார்த்துவிட்டோமே என்று மனம் அடித்துக்கொண்டது. அந்த வெட்கம் கொஞ்ச நேரத்தில் வேறு யார் மேலோ கோபமாகத் திரும்பியது. போனை எடுத்தார்.

“மன்னிச்சுக்கோங்க சார். நீங்க சொன்னது அத்தனையும் நிஜம், நான்தான் நம்பல. ஆனா இவ்வளவையும் பட்டி வெச்சு மூடின மடையன் யாருன்னு சொல்லுங்க. ஞாயித்துக்கிழமை சங்கத்துக்கே அவனை இழுத்துட்டு வந்து, உங்க முன்னாடி ஒத்துக்க வைக்கிறேன்.”

 மறுமுனையில் அவர் தயங்கித் தயங்கிச் சொன்னார். திரும்பி வந்த கையோடு கால் ஒடிந்து ஆஸ்பத்திரியில் கிடந்தாராம். வீட்டுக்கு வரும்போது அவர் சந்தோஷப்படட்டும் என்று அவருடைய மனைவி பிரேமை மட்டும் கழற்றி, சைக்கிள் கடைக்காரர் மூலமாகப் பெயின்டுக்குக் கொடுத்துவிட்டாள். அந்தப் பளபளப்பைப் பார்த்த சங்கத்தார், வண்டி தெருமுனையைக்கூடத் தாண்டியிருக்காது என்று முகத்துக்கு நேரே சிரித்தார்கள்.

“அவளும் பாவம் ஆசையாத்தான் செஞ்சா. அடிச்சவர் மேலயும் தப்பில்ல மாஸ்டர், அவர் வேலையை அவர் ஒழுங்கா பார்த்திருக்கார். அதான் நீங்க கேட்டப்போ சொல்ல மனசு வரல.”

“நீங்க பெரிய மனசுக்காரர், விட்டுருவீங்க. நான் விடமாட்டேன். யாருன்னு மட்டும் சொல்லுங்க.”

“கடைக்காரர் அதை உங்ககிட்டதான் குடுத்தாராம்.”