மூன்றாவது அலாரம்

குடியிருப்பின் வரலாற்றிலேயே முதன்முறையாக, குடியிருப்போர் சங்கம் ஓர் அலாரத்தைக் கண்டித்து அவசரக் கூட்டம் கூடித் தீர்மானம் நிறைவேற்றியது. இரண்டு வாரங்களுக்கு முன் குடிவந்த பெண்ணிடம் அதைக் கொடுக்கச் சங்கச் செயலாளரே மாடியேறினார்.

"ஏம்மா, தினம் விடியக்காலம் அஞ்சு மணிக்கு மூணு தடவை அலாரம் அடிக்குது. மொத்தக் கட்டடமும் முழிச்சுக்குது!"

"மூணாவது அடிச்சாத்தான் சார் அவர் எழுந்திருப்பாரு. ஆறு மணி ரயிலைப் பிடிக்கணுமே."

"இன்னொரு நாள் அடிச்சா நீங்க வீட்டைக் காலி பண்ண வேண்டியதுதான். உங்க ஹஸ்பண்ட்கிட்டயும் நானே சொல்லிட்டேன்."

"எப்போ சார்?"

அந்த மனிதரின் முகத்தைக்கூடச் செயலாளர் பார்த்ததில்லை. ஆனாலும் பதவியின் கௌரவம் விடவில்லை.

"நேத்து, ரயில்ல. சரின்னு தலையாட்டினாரே!"

அவள் கதவை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"நல்லா இருந்தாரா சார்?"

"அவருக்கென்ன, ஜோரா இருந்தார்."

அவள் கணவர் இறந்து ஒரு மாதம் ஆகியிருந்தது.