கத்திரி சார்

"டக்."

பத்தொன்பது வருடத்துக்கு முன், வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் அவள் கேட்ட சத்தம் அது. ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில் சர்வர் அறை. பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்த ஒரு சர்வரின் மின்சாரத்தைத் தலைமைப் பொறியாளர் வெட்டிவிட்டார்.

"ஐயோ சார், அது உயிரோட இருக்கே!"

"இருக்கலாம்மா. கூப்பிட்டா பதில் இல்லையே. மருந்தகம், ரத்த வங்கின்னு இதுக்குள்ள ஓடின விர்ச்சுவல் மிஷினையெல்லாம் பக்கத்து சர்வர்ல எழுப்பணும். இதை வெட்டாம எழுப்பினா, ரெண்டும் ஒரே டிஸ்க்ல எழுதும். நோயாளிங்க ரெக்கார்டு கந்தலாயிடும்."

இரண்டே நிமிடத்தில் மருந்தகமும் ரத்த வங்கியும் அடுத்த சர்வரில் கண் விழித்தன. ஆனாலும் 'கத்திரி' என்று அன்று விழுந்த பெயர் அவருக்கு நிலைத்துவிட்டது. வைத்தவள் அவள்தான்.

இப்போது அதே ஆஸ்பத்திரியின் மூன்றாம் மாடியில் அவள் கணவர் படுத்திருந்தார். பக்கவாதம். பேச்சில்லை. இனி வீடு ஓடுவது அவள் வேலையை நம்பித்தான். மூன்று வாரமாக மாடிக்கும் அடித்தளத்துக்கும் ஓடிக்கொண்டிருந்தாள்.

ஒரு மதியம் ஒரு சர்வர் பேச்சை நிறுத்தியது. தானாக வெட்டும் கருவி அன்று பழுது. அவளோ அந்த சர்வரை வெட்டாமலே மருந்தகத்தை அடுத்த சர்வரில் எழுப்பப் போனாள். கத்திரி பாய்ந்து வந்து அவள் கையைத் தட்டிவிட்டார்.

"மூணு தரம் கத்தினேன். காதை எங்கே வச்சிருக்கே?"

மறுநாள் அவள் கார்டுக்கு சர்வர் அறைக் கதவு திறக்கவில்லை.

"உன்னையும் வெட்டிட்டாரா?" என்றாள் கூட வேலை பார்க்கும் தோழி. "பொண்டாட்டி செத்துப்போனதுலேர்ந்தே அந்த மனுஷனுக்கு நெஞ்சு கல்லாப் போச்சுடி."

கண்ணாடிக் கதவைப் படபடவென்று தட்டினாள். அவர் எட்டிப் பார்த்தார்.

"சார், நான் உயிரோடதான் இருக்கேன்!"

"அந்த சர்வரும்தான் இருந்துச்சு. மேலே போ."

கதவு சாத்திக்கொண்டது.

மேலே போனாள். அழுது தீர்த்தாள். வேறு வேலை இல்லாததால் கணவரின் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி நீட்டிக்கொண்டிருந்தாள். வேலை போன கடிதம் இன்று வரும், நாளை வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. கதவு சாத்திய ஐம்பதாம் நாள் கணவர் குழறலாக அவள் பெயரைச் சொன்னார்.

அடுத்த நாள், தன் சாமான்களை எடுத்துக்கொண்டு வந்துவிடலாம் என்று கீழே இறங்கினாள். பழக்கத்தில் கார்டைக் காட்டினாள். கதவு திறந்தது.

சுவரில் ஷிப்ட் அட்டவணை. அவள் பெயர் அப்படியே இருந்தது. அதற்கு எதிரே, ஐம்பது நாளும், கத்திரியின் கையெழுத்து.

"ரெண்டு ஷிப்டும் நீங்களா பார்த்தீங்க? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே சார்..."

"சொன்னா கேட்கிற ஆளா நீ? 'சமாளிச்சுக்கறேன் சார்'னு மறுபடி மாடிப்படியில ஓடியிருப்பே. அவருக்குப் பேச்சு வந்துடுச்சுன்னு நேத்து தெரிஞ்சதும்தான் கார்டைத் திறந்துவிட்டேன்." அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "என் வீட்டுக்காரி கடைசியா என்னைக் கூப்பிட்டப்போ நான் இந்த அறையிலதான் இருந்தேன். என்னை வெட்டிவிட ஒருத்தரும் இல்லைம்மா."

கத்திரி அடுத்த வருடம் ஓய்வு பெற்றார். ஞாயிறுதோறும் அவள் கணவர் நடந்தே போய் அவரைப் பார்த்துவிட்டு வருகிறார்.