வீட்டுக் கதை

“காயத்துக்குக் கட்டுப் போடத் தெரியுமோ?”

“தெரியாது, சார்.”

“நோயாளியைச் சக்கர நாற்காலியில வைச்சுத் தள்ளினீரோ?”

“அதுக்கு வேற பிள்ளைங்க இருந்தாங்க, சார்.”

“அப்ப, மூண்டு மாசம் ஆஸ்பத்திரியில தொண்டு செய்து என்னத்தைத்தான் பழகினீர்?”

நேர்முகத் தேர்வு நடத்திய நாகநாதன் மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். புஷ்பவள்ளி நாற்காலி நுனிக்கு நகர்ந்தாள். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் இடமோ கொஞ்சம். நேர்முகத் தேர்வுக்கு வெளியே பெஞ்சில் காத்திருந்தவர்களோ கூட்டம். ஒருத்தி முதலுதவிச் சான்றிதழோடு வந்திருந்தாள். ஒருவன் சாரணர் உடுப்பிலேயே வந்திருந்தான். இவளிடம் இருந்தது வாய் ஒன்றுதான்.

“கதை சொல்லப் பழகினேன், சார்.”

பக்கத்து நாற்காலியில் இருந்த தலைமையாசிரியை தனலெட்சுமி நிமிர்ந்து உட்கார்ந்தார். “கதையா? யாருக்கும்மா?”

“எலும்பு வார்டுல ஐயாத்துரைன்னு ஒரு பெரியவர், டீச்சர். ரயில்வே ஆபீஸ்ல கிராணியா கணக்கு எழுதினவராம். இடுப்பு எலும்பு முறிஞ்சு படுத்திருந்தாரு. சனிக்கிழமை காலையில நாங்க ஸ்கூல்லேருந்து போவோம். மத்தவங்களுக்கெல்லாம் வேலை கொடுத்திட்டு, என்னை மட்டும் அவரு கட்டில் பக்கத்துல உக்கார வச்சிருவாங்க.”

நாகநாதனின் முகம் மாறியது. பேனாவை மூடி வைத்தார். அதுவரை அதட்டிக்கொண்டிருந்த குரல் தேனாகக் குழைந்தது.

“ஓ, நீர்தானோ அந்தப் பிள்ளை! உம்மட அப்பாவின்ர கால் இப்ப எப்பிடி?”

“காலா?” புஷ்பவள்ளி விழித்தாள். “அப்பா காலுக்கு ஒன்னும் இல்ல லா, சார். காலையில அவருதான் என்னை சைக்கிள்ல வச்சு பெர்ரி படகுத்துறை வரைக்கும் மிதிச்சுக் கொண்டாந்து விட்டாரு.”

“துறைமுகத்தில பெட்டி விழுந்து நசிஞ்ச கால்?”

“துறைமுகத்துல கிரேன் ஓட்டுறாரு, சார். கால் ரெண்டும் நல்லா இருக்கு.”

“அம்மாவுக்குக் கண் தெரியாதெல்லோ?”

“பெர்ரி வர்றதை எங்க வீட்டு வாசல்லேருந்தே பார்த்துச் சொல்லுவாங்க, சார்.”

“சயாமில காணாமப் போன அண்ணன்?”

“எனக்கு அண்ணனே கிடையாதே, சார்!”

வந்த தேன் வந்த வழியே போய்விட்டது. நாகநாதன் கோப்பை மூடினார்.

“அப்ப, படுக்கையில கிடந்த ஒரு மனுசனுக்கு நீர் சொன்னது முழுக்கப் பொய். அவர் இரக்கப்பட்டு அழுதவர், தெரியுமோ? பொய் சொல்லுற ஆளைப் பிள்ளைகளுக்கு முன்னால விட ஏலாது. நீர் போகலாம்.”

புஷ்பவள்ளி எழுந்தாள். ஆனால் போகவில்லை. கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. அழுகையை விடக் கோபம்தான் அதிகம். பொய்க்காரி என்ற பட்டத்தோடு பாகான் டாலாமில் இருக்கும் வீட்டுக்குத் திரும்பிப் போய் அப்பா முகத்தில் எப்படி விழிப்பது?

“பொய் இல்ல, சார், கதை! அவருதான் கேட்டாரு. போன முதல் நாளே, ‘பேசாம இருக்காதேங்கோ பிள்ளை, கதையுங்கோ’ன்னாரு. நானும் ஒரு ராஜா கதையை எடுத்து விட்டேன். ‘ராசாவை விடுங்கோ, உங்கட வீட்டைப் பற்றிக் கதையுங்கோ’ன்னாரு. எங்க வீட்டுல என்ன சார் கதை இருக்கு? எல்லாரும் நல்லா இருக்கோம், நேரத்துக்குச் சாப்பிடுறோம். அதான் நானே கட்டிச் சொன்னேன். அவரு அழுதாரு. சரி, கதை பிடிச்சிருச்சு போலன்னு அடுத்த வாரம் இன்னும் கொஞ்சம் சோகமா சொன்னேன். எங்க குரலைத் தாழ்த்தணும், எங்க நிறுத்தினா அடுத்த வாரம் வரைக்கும் காத்திருப்பாருன்னு எல்லாம் அவருகிட்ட சொல்லிச் சொல்லித்தான் பழகினேன்.”

தனலெட்சுமி டீச்சர் முந்தானையால் வாயைப் பொத்திப் பார்த்தார். முடியவில்லை, வாய்விட்டே சிரித்துவிட்டார்.

“அடிப் பாவி! யாழ்ப்பாணத்துக்காரங்க கதைக்கிறதுன்னா சும்மா பேசுறதுடி. வீட்டைப் பத்திப் பேசுன்னு அந்த மனுஷன் கேட்டா, நீ வீட்டையே நொண்டியும் குருடுமா ஆக்கி வச்சிருக்கியே!”

புஷ்பவள்ளி பிடித்து வைத்த பிள்ளையார் மாதிரி நின்றாள். அத்தனை சனிக்கிழமையும் கண் முன்னே ஓடியது.

“அப்ப… அவரு எல்லாத்தையும் நிஜம்னு நம்பிட்டாரா, சார்?”

நாகநாதன் மூடிய கோப்பை மறுபடி திறந்தார். ஏதோ எழுதினார். டீச்சர் பக்கம் தள்ளினார். டீச்சரும் படித்துவிட்டுச் சிரித்தபடியே கையெழுத்துப் போட்டார்.

“இடுப்பு வலியோட கிடந்த மனுசனைச் சனிக்குச் சனி காத்திருக்க வைச்ச பிள்ளைக்கு, முதலாம் வகுப்பை இருத்தி வைக்கிறது பெரிய காரியமோ? உமக்கு இடம் இருக்கு. போயிட்டு வாரும்.”

புஷ்பவள்ளி சந்தோஷத்தில் கை கூப்பினாள். கதவு வரைக்கும் போனவளை அவர் குரல் நிறுத்தியது.

“நம்பினவரோ எண்டு கேட்டீரே, பிள்ளை. அந்த ஐயாத்துரை என்ர அப்பா. உம்மட அப்பா எழும்பி நடக்க வேணுமெண்டு அவர் கட்டில்ல கிடந்தபடியே முருகனுக்கு நேர்ந்து வைக்க, இந்தத் தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை உச்சிக் கோயில் வரைக்கும் வெறுங்காலோட பால்குடம் சுமந்தவன் நான்தான்!”