பதினோராம் மேஜை ரேடியோ

“இந்த செட்டைப் போட்டியில சேர்க்க முடியாது. மேஜையைக் காலி பண்ணுங்க” என்றார் நடுவர்.

பழைய ரேடியோ, கிராமபோன் கண்காட்சியில் அது பதினோராம் நம்பர் மேஜை. சுற்றிலும் நாலைந்து கிராமபோன்கள் ஆளுக்கொரு பாட்டாகப் பாடிக்கொண்டிருந்தன. அப்படியும் அந்த வார்த்தை எல்லோர் காதிலும் விழுந்துவிட்டது.

சங்கச் செயலாளரான டீச்சருக்குச் சுருக்கென்றது. பள்ளிக்கூடத்தில் இயற்பியல் நடத்துகிறவர். வருஷா வருஷம் இந்தக் கண்காட்சியை இழுத்துப் பிடித்து நடத்துகிறவரும் அவர்தான். நடுவருக்கு ‘கறார்’ என்று பட்டப்பெயர் வைத்ததுகூட அவர்தான். ஆனால் இது கறார் இல்லை, அக்கிரமம்!

மேஜைக்குப் பின்னால் நின்றவர் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். பக்கவாதத்தில் வலது கை விழுந்துவிட்டது. இடது கையாலேயே சால்டரிங் செய்து, பதினோரு மாதம் மல்லுக்கட்டி அந்த வால்வு ரேடியோவை எழுப்பியிருந்தார். பெட்டியைத் தேய்த்திருந்த தேய்ப்பில் முகம் பார்த்துத் தலை வாரலாம்.

காலையில் பெயர் பதிய வந்தபோது டீச்சரிடம் எவ்வளவு பெருமையாகச் சொன்னார்!

“சுவிட்சைப் போட்டதும் டக்குனு பாடும் டீச்சர். என் பஸ்கூட இப்படி ஸ்டார்ட் ஆனதில்லை!”

நடுவரிடமும் அதையேதான் சொன்னார். நடுவர் தலையாட்டிவிட்டு, பின்மூடியின் ஓட்டை வழியாக டார்ச் அடித்து உள்ளே ஒரு பார்வை பார்த்தார். அவ்வளவுதான். சுவிட்சைக்கூடப் போடவில்லை.

“என்ன சார் குறை?” டிரைவரின் குரல் இறங்கிவிட்டது.

“சத்தம் கூட்டுற குமிழ் அசல் இல்லை. வேற செட்டோடது.”

“ஒரு குமிழுக்காகவா?”

“சட்டம் சட்டம்தான்.”

பக்கத்தில் நின்ற டிரைவரின் மனைவி பொங்கிவிட்டார்.

“என்ன பெரிய சட்டம்? கை வராத மனுஷன் ஒரு வருஷமா உயிரைக் குடுத்துச் செஞ்சிருக்கார். போட்டுக்கூடப் பார்க்காம ஒரு குமிழைப் பிடிச்சுத் தொங்குறீங்களே! குமிழு அசலான்னு பார்க்க வந்துட்டார். உங்க மனசு அசலான்னு யார் பார்க்கிறது?”

“நல்லாக் கேட்டீங்கம்மா!” என்று கூட்டத்திலிருந்து குரல் வந்தது.

நடுவர் அடுத்த மேஜைக்கு நகர்ந்துவிட்டார்.

“விடும்மா” என்றார் டிரைவர். “குமிழ்தானே? எங்கேயாவது கிடைக்காமலா போகும்? அடுத்த வருஷம் இவரே வந்து சுவிட்சைப் போடுவார், பாரு.” சொல்லிவிட்டு உதிரிபாகம் விற்கிற கடைகளைப் பார்த்து நடையைக் கட்டினார்.

அவருக்கு ஆறிவிட்டது. டீச்சருக்கு ஆறவில்லை. நாலாம் மேஜையில் இருப்பது ஒரு பெரிய டாக்டரின் செட். அதில் மூன்று குமிழும் மாற்றியவை. அதை மட்டும் எப்படிச் சேர்த்துக்கொண்டார்? ஆளைப் பார்த்துத்தான் சட்டமா?

விறுவிறுவென்று ஒரு தாளை எடுத்து எழுதினார். ‘இவர் இனி நம் சங்கத்துக்கு நடுவராக இருக்கக் கூடாது.’ முதல் கையெழுத்து தன்னுடையது. பத்தே நிமிஷத்தில் இன்னும் ஆறு பேர் போட்டார்கள்.

தாளும் கையுமாக நடுவரைத் தேடிப் போனார். காலி அட்டைப்பெட்டிகள் அடுக்கிய பின்னறையில் அவர் நின்றிருந்தார். எதிரில் டிரைவரின் மனைவி.

‘நன்றாக வாங்கிக் கட்டிக்கொள்ளட்டும்’ என்று டீச்சர் வாசலிலேயே நின்றுகொண்டார்.

ஆனால் அந்த அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு கைகூப்பியிருந்தார்.

“நீங்க டார்ச் அடிச்சப்பவே எனக்கு உயிரே போயிடுச்சு அண்ணா. போட்டியில சேர்த்திருந்தா எல்லார் முன்னாடியும் பின்மூடியைக் கழற்றித்தானே போட்டுக் காட்டணும்?”

“வால்வு சூடாகவே அரை நிமிஷம் ஆகும்மா. போட்டதும் பாடுதுன்னு அவர் சொன்னப்பவே சந்தேகம் வந்துடுச்சு. உள்ளே பார்த்தா வால்வுக்குப் போற வயரெல்லாம் வெட்டியிருக்கு. ஓரமா தீப்பெட்டி அளவுல ஒரு புது போர்டு. பாடுறது அதுதான்.”

டீச்சருக்குக் காது சுட்டது. அதே வார்த்தையைக் காலையில் தானும்தானே கேட்டார்! பெருமையைக் கேட்டாரே தவிர, வகுப்பில் தான் நடத்துகிற பாடம் நினைவுக்கு வரவில்லை.

“எட்டு மாசமாகியும் அது மூச்சு விடலைண்ணா. நான் எதுக்கும் லாயக்கில்லைன்னு சோறு தண்ணி இல்லாமப் படுத்துட்டார். அவர் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்த நேரத்துல ரேடியோ கடைக்காரரைக் கூட்டிட்டு வந்து நான்தான் அந்த போர்டை வைக்கச் சொன்னேன். தன் கையாலதான் பாடுச்சுன்னு நினைச்சுக்கிட்டிருக்கார். திறந்தா மறுபடி நின்னுடும்னு சொல்லி, பின்மூடியைத் தொடவே விடலை நான். அன்னைக்குத்தான் எழுந்து உட்கார்ந்தார்.”

அந்த அம்மாள் மறுபடியும் கைகூப்பினார்.

“மன்னிச்சுடுங்க. அத்தனை பேர் முன்னாடி உங்களை வாய்க்கு வந்தபடி திட்டிட்டேன். அவர் பக்கத்துல நின்னுட்டிருந்தார், எனக்கு வேற வழி தெரியலை.”

“அடடா, அதுக்கென்னம்மா” என்றார் கறார். “இன்னும் நாலு வார்த்தை சேர்த்தே திட்டியிருக்கலாம். குறை குமிழ்லதான்னு அவர் முழுசா நம்பணும்ல?”